அந்த ஜீரோ ஏழ்மையா? அமெரிக்க டீச்சர் பென்ஷன் கதை

கலிஃபோர்னியாவில் 62 வயசு டீச்சர் ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. இன்னும் வேலையில் இருக்கிறார், டீச்சர் பென்ஷன் வாங்க ஆரம்பிக்கல. ஆனா அதுக்கு முன்னாடி பன்னிரண்டு வருஷம் தனியார் வேலை பார்த்து, சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி கட்டியிருக்கிறார். அந்தப் பணத்தை இப்பவே கேட்டு வாங்கலாமா?

பதில் 1935ல் ஆரம்பிக்குது. ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட சட்டம் மாநில, உள்ளாட்சி ஊழியர்களை வெளியே விட்டது. மாநில அரசுகள் மேல மத்திய அரசு வரி போடலாமாங்கிற அரசியல் சாசனச் சந்தேகம்தான் காரணம். 1950களில் விருப்பப்பட்டால் சேரலாம் என்று கதவு திறந்தது. கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஒஹாயோ மாதிரி இடங்களில் பெரும்பாலான டீச்சர்கள் தனி பென்ஷனிலேயே இருந்துவிட்டார்கள்.

இப்போ ஃபார்முலாவுக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச இடம். 35 வருஷச் சம்பளத்துக்கு மாசச் சராசரி எடுப்பாங்க. அதன் முதல் பகுதிக்கு 90 சதவீதம், அடுத்ததுக்கு 32, மிச்சத்துக்கு 15. குறைஞ்ச சம்பளக்காரருக்குக் கூடுதலா போய்ச் சேரணும்னு நல்ல எண்ணம். ஆனா டீச்சரின் வகுப்பறை வருஷங்கள் எல்லாம் இதில் ஜீரோவாக விழும். டேட்டா இல்லைங்கிறதை வருமானம் இல்லைன்னு சிஸ்டம் படிச்சுக்கும். கோடு எழுதுறவங்களுக்கு இந்த பக் நல்லாத் தெரியும்.

1983ல், ரீகன் காலத்தில், பேட்ச் போட்டாங்க. வேற பென்ஷன் வருதா? 90ஐ 40 வரைக்கும் இறக்கு. உள்ளே போற டேட்டாவைத் தொடவே இல்லை, வெளியே வர்ற விடையை வெட்டினாங்க. 2024 கணக்குப்படி மாசம் 587 டாலர் வரை போகும். இது நியாயமான பேட்ச் இல்லைங்கிறது என் கருத்து.

அதில் ஒரு ஓட்டையும் இருந்தது. டீச்சர் பென்ஷன் வர ஆரம்பிச்ச பிறகுதான் வெட்டு. அதனால வேலையில் இருக்கும்போதே முன்கூட்டி வாங்கிக்கிறது லாபம் மாதிரி தெரியும். ஆனா 2024ல், முழு ஓய்வு வயசுக்கு முன்னாடி 22,320 டாலருக்கு மேல் சம்பாதிச்சா, மேல வர்ற ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் நிறுத்திவைப்பாங்க. 60,000 சம்பளம்னா வருஷத்துக்கு 18,840. சின்னத் தொகை மொத்தமும் போயிடும். முழு வயசு வந்ததும் அதுக்கு ஈடா மாசத் தொகை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

2025 ஜனவரி 5ல் பைடன் அந்த பேட்ச்சையே நீக்கிக் கையெழுத்துப் போட்டார், 2024 ஜனவரியிலிருந்து அமலாகிற மாதிரி. ஜீரோ பக் அப்படியே இருக்கு. நம்ம டீச்சருக்கோ பென்ஷனுக்கு முன்னாடி அவசரப்பட இருந்த ஒரே காரணமும் போச்சு. 1960க்கு அப்புறம் பிறந்தவர் 62ல் வாங்கினா 30 சதவீதம் குறையும், அந்தச் சம்பள வரம்பும் இன்னும் இருக்கு.