மாற்றாள் வரும்வரை

2011 செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் உலகம் முழுக்கச் செய்திச் சேனல்களில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது: யார் தலையில் விழப்போகிறது? ஒரு பஸ் அளவுள்ள அமெரிக்கச் செயற்கைக்கோள், யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் பூமியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வடக்கே 57 பாகையிலிருந்து தெற்கே 57 பாகை வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்றது நாசா. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று நம் ஊர்கள் எல்லாமே அதற்குள் அடக்கம். சுமார் 26 துண்டுகள் முழுதாக எரியாமல் கீழே வரக்கூடும், மொத்தம் 530 கிலோ இருக்கும், உலகில் யாரோ ஒருவர்மீது படுவதற்கு 3,200இல் ஒரு வாய்ப்பு என்றெல்லாம் கணக்குச் சொன்னார்கள். கடைசியில் செப்டம்பர் 24 அன்று அது பசிபிக் கடலுக்கு மேலே உடைந்து எரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எல்லோரும் மறந்தாச்சு.

விழுந்தது எது, அது மேலே இருந்து என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. மூன்று ஆண்டு வேலைக்காக அனுப்பப்பட்டு, பதினான்கு ஆண்டு வேலை பார்த்த ஒரு கிழட்டு இயந்திரம் அது. கடைசி ஆண்டுகளில் அதை அணைக்காமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தைப் பற்றியது.

*

அதன் முழுப்பெயர் மேல்வளிமண்டல ஆய்வுச் செயற்கைக்கோள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து யு.ஏ.ஆர்.எஸ். என்பார்கள். 1991 செப்டம்பர் 12 அன்று டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் ஏறிப் போனது. மூன்று நாள் கழித்து, ஓடத்தின் இயந்திரக் கை அதைத் தூக்கி வெளியே விட்டது. 585 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நாளைக்குப் பதினைந்து முறை பூமியைச் சுற்றியது. அதில் பத்துக் கருவிகள் இருந்தன. சில ஓசோனையும் அதைத் தின்னும் வாயுக்களையும் அளந்தன. சில மேல்காற்றின் வேகத்தை அளந்தன. மீதி, சூரியனிலிருந்து வரும் ஆற்றலை அளந்தன.

அந்தக் காலத்தின் பதற்றத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் மேலே போய் ஓசோனை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோனில் ஓட்டை விழுந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதாவது, உலகம் ஒரு மருந்தைச் சாப்பிட ஆரம்பித்திருந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது நாடி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யு.ஏ.ஆர்.எஸ். பிடித்த நாடி அதுதான். மேலே போன சில மாதங்களிலேயே எம்.எல்.எஸ். என்ற நுண்ணலைக் கருவி முக்கியமான ஒன்றைக் காட்டியது. துருவக் குளிர்காலத்தில் குளோரின் மோனாக்சைடு எங்கே பெருகுகிறது என்பதை அது வரைபடமாகவே போட்டது. தென் துருவத்தில் அது பெருகிய இடமும் ஓசோன் காணாமல் போன இடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. வட துருவத்து மேல்காற்றிலும் அதே குளோரின் தலைகாட்டியது.

*

ஆனால் முதுமை உடனே வந்துவிட்டது. 1992 ஜூலையில், ஆக்ஸ்போர்டில் உருவான ஐசாம்ஸ் கருவி நின்றது. ஒளியை வெட்டி வெட்டி அனுப்பும் அதன் சுழல் தகடு ஓடவில்லை; அவ்வளவுதான், கருவியே போச்சு. அதே ஆண்டு, சூரியப் பலகையைச் சூரியன் பக்கம் திருப்பும் பொறி சண்டித்தனம் செய்தது. 1993 ஏப்ரலில் எம்.எல்.எஸ்ஸின் ஒரு பகுதி செயலிழந்தது. அடுத்த மாதம் கிளேயஸ் முடிந்தது.

கிளேயஸின் முடிவு மட்டும் எதிர்பார்த்தது. தன் உணரிகளைக் குளிர்விக்க அது உறைந்த நியானையும் உறைந்த கார்பன் டை ஆக்சைடையும் சுமந்து போனது. அவை ஆவியாகித் தீரும்வரைதான் அதற்கு ஆயுள். ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுபோகிற மாதிரி. ஐஸ் கரைந்தால் வியாபாரம் முடிந்தது. ஏறக்குறைய இருபது மாதம் என்று முன்கூட்டியே தெரியும். அந்த இருபது மாதத்தில் ஒரு நாளும் வீணாகக் கூடாது என்றுதான் அந்தக் குழு வேலை செய்தது.

கெட்டுப்போனதைக் கழற்றி மாற்ற மேலே ஆள் இல்லை. மேரிலாண்டில் கிரீன்பெல்ட் என்ற ஊரில் இருக்கும் கோடார்டு மையத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கட்டளை அனுப்பலாம். திரும்பி வரும் எண்களைப் பார்க்கலாம். அவர்கள் கையில் இருந்தது அவ்வளவுதான். ஏறக்குறைய 36 நாளுக்கு ஒருமுறை செயற்கைக்கோளை அப்படியே 180 பாகை திருப்ப வேண்டும். இல்லையென்றால், வெயில் படக் கூடாத பக்கத்தில் வெயில் பட்டுவிடும். திருப்பினால் எம்.எல்.எஸ். பார்க்கும் பக்கம் மாறும். ஒரு மாதம் வட துருவத்தருகே வரை பார்க்கும், அடுத்த மாதம் தென் துருவத்தருகே வரை. துருவக் குளிர்காலம் இதற்காகக் காத்திருக்காது. எப்போது திருப்புவது என்பதே ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு.

பேட்டரிகளும் கிழடு தட்டின. எல்லாக் கருவிக்கும் எல்லா நேரமும் மின்சாரம் கொடுக்க முடியாத நிலை வந்தது. இன்றைக்கு யாரை எழுப்புவது, யாரைத் தூங்கவைப்பது என்று முறை வைக்க வேண்டியதாயிற்று. பென்ஷன் பணத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

*

இத்தனைக்கும் நடுவில் கடைசிவரை அசராமல் நின்ற ஒரு கருவி ஹேலோ. அதன் ரகசியம், அது பார்த்த விதத்தில் இருந்தது.

செயற்கைக்கோளில் இருந்து பார்த்தால் ஒரு நாளைக்குப் பதினைந்து சூரிய உதயம், பதினைந்து அஸ்தமனம். அஸ்தமனத்தின்போது ஹேலோ முதலில் காற்று எதுவும் குறுக்கிடாத வெறும் சூரியனைப் பார்க்கும். பிறகு அதே சூரியன் பூமியின் விளிம்பில் காற்றுக்குள் அமிழ அமிழப் பார்த்துக்கொண்டே வரும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், நடுவில் இருந்த வாயுக்கள் எவ்வளவு ஒளியை விழுங்கின என்று தெரியும். கண்ணாடியில் தூசி படிந்தாலும், உணரி மங்கினாலும், இரண்டு பார்வையிலும் இருப்பது அதே தூசி, அதே மங்கல்தான். வகுக்கும்போது அது அடிபட்டுப் போகும். ஹேலோவுக்கு வயதானது, அதன் அளவைக்கு ஆகவில்லை.

விலை என்னவென்றால், நாளைக்கு முப்பது அளவைகள்தான் கிடைக்கும். எம்.எல்.எஸ். போன்றவை ஆயிரத்துக்கும் மேல் எடுக்கும். ஆனால் அந்த முப்பதை வருடக்கணக்கில் நம்பலாம்.

அந்த நம்பிக்கையில் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. முதலாவது ஒரு பழைய வாதத்துக்குப் பதில். மேலே இருக்கும் குளோரின் எரிமலையிலிருந்தும் கடல் உப்பிலிருந்தும் வந்தது, மனிதர்களைக் குறை சொல்லாதீர்கள் என்று அப்போது சிலர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹேலோ ஹைட்ரஜன் குளோரைடை மட்டும் அளக்கவில்லை, ஹைட்ரஜன் ஃபுளோரைடையும் சேர்த்தே அளந்தது. அந்த உயரத்தில் ஃபுளோரின் சேர்வதற்கு இயற்கையில் சொல்லிக்கொள்ளும்படி வழி இல்லை. குளோரோஃபுளோரோகார்பன் உடைந்துதான் வர வேண்டும். இரண்டு வாயுக்களையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தபோது, குளோரினில் பெரும்பங்கு அந்த வாயுக்களிலிருந்து வந்ததுதான் என்பது தெளிவானது. 1996இல் அந்த ஆய்வு வெளியானது. அந்த வாதம் அத்துடன் நொண்டியது.

இரண்டாவது, 1997 வாக்கில் நடந்தது. தரையில் குளோரோஃபுளோரோகார்பன்களைக் குறைத்தாலும், அது மேலே தெரியச் சில ஆண்டு ஆகும். சுமார் 55 கிலோமீட்டர் உயரத்தில், அதுவரை ஏறிக்கொண்டே இருந்த ஹைட்ரஜன் குளோரைடின் கோடு நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. மாண்ட்ரியல் மருந்து வேலை செய்கிறது! மூன்று ஆண்டோடு கருவியை அணைத்திருந்தால், அதாவது 1994இல், கோடு ஏறிக்கொண்டிருப்பதைத்தான் அது கடைசியாகப் பார்த்திருக்கும்.

*

சரி, நல்ல செய்தி கிடைத்துவிட்டது. பாதிக் கருவிகள் முடங்கின, பேட்டரி ஓய்ந்தது, பராமரிக்க ஆண்டுதோறும் செலவு. இனிமேலாவது அணைத்திருக்கலாமே?

இதற்குப் பதில் அதே செயற்கைக்கோளின் இன்னொரு கருவியிடம் இருந்தது. ஆக்ரிம்-2 என்பது சூரியனிலிருந்து பூமிக்கு வரும் மொத்த ஆற்றலை அளக்கும் கருவி. அதற்கு ஒரு அண்ணன் இருந்தது. ஆக்ரிம்-1, 1980இல் வேறொரு செயற்கைக்கோளில் போய், 1989 வரை அளந்தது. அண்ணன் ஓய்வதற்குள் தம்பி மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டும் கொஞ்ச காலம் ஒரே சூரியனை ஒன்றாகப் பார்த்து, ஒன்றின் அளவோடு மற்றொன்றைப் பொருத்திக்கொண்டிருக்கும்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்துச் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். விண்வெளி ஓடங்கள் இரண்டரை ஆண்டுக்கு மேல் பறக்கவில்லை. ஓடத்தில் போக வேண்டிய எல்லாமே வரிசையில் பின்னால் போயின. யு.ஏ.ஆர்.எஸ்ஸும்தான். அது மேலே போய் ஆக்ரிம்-2 கண் திறந்தபோது, அண்ணன் கண் மூடி இரண்டு ஆண்டு தாண்டியிருந்தது.

அந்த இரண்டு ஆண்டு இடைவெளியை இன்றுவரை யாராலும் தீர்மானமாக மூட முடியவில்லை. அப்போது மேலே இருந்த வேறு இரண்டு கருவிகளை வைத்துப் பாலம் கட்டினார்கள். ஆனால் அந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் பேசின. ஒன்றை நம்பினால் சூரியன் 1980களைவிட 1990களில் கொஞ்சம் பிரகாசமாகியிருக்கிறது. மற்றதை நம்பினால் மாற்றமே இல்லை. வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கைவிட மிகமிகக் குறைவு. ஆனால் புவி வெப்பமாவதற்குச் சூரியன் காரணமா என்ற சண்டை அந்தச் சின்ன வித்தியாசத்தில் உட்கார்ந்துகொண்டு பல ஆண்டு ஓடியது. நூல் ஒருமுறை அறுந்தால் முடிச்சுப் போடலாம். முடிச்சு சரியா என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

மளிகைக் கடையில் பழைய தராசை மாற்றுகிறவர் என்ன செய்வார்? புதுத் தராசு வந்ததும் ஒரே மூட்டையை இரண்டிலும் வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பழையதைக் காயலான் கடைக்குப் போடுவார். வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லை, எவ்வளவு என்று தெரிந்தால் போதும். யு.ஏ.ஆர்.எஸ்ஸின் கடைசி ஆண்டுகள் இந்த வேலைக்கானவை. மாற்றாள் வரும்வரை காவலாளி கிளம்பக் கூடாது.

மாற்றாட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். 1999 கடைசியில் ஆக்ரிம்-3 போனது. இந்த முறை இடைவெளி விழவில்லை. 2003இல் கனடாவின் சைசாட். 2004 ஜூலை 15 அன்று நாசாவின் ஆரா, புதிய எம்.எல்.எஸ்ஸுடன். 2005 நவம்பர் வரை, ஓராண்டுக்குக் கொஞ்சம் மேல், ஹேலோவும் புதியவர்களும் ஒரே காற்றைச் சேர்ந்து அளந்தார்கள்.

ஒப்பிட்டதில் தெரிந்தது இது: ஹேலோ காட்டும் ஹைட்ரஜன் குளோரைடு, புதிய கருவிகள் இரண்டும் காட்டுவதைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவு.

இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேலே குளோரின் குறைந்துகொண்டிருந்தது ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஹேலோவை முன்பே அணைத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்துப் புதுக் கருவியைத் தொடங்கியிருந்தால், கோடு திடீரென்று 10, 15 சதவீதம் மேலே குதித்திருக்கும். யாரோ திருட்டுத்தனமாக வாயுவைக் கொட்டுகிறார்களா, ஒப்பந்தமே தோல்வியா என்று உலகம் பதறியிருக்கும். கருவியின் வித்தியாசம் இது, காற்றின் வித்தியாசம் இல்லை என்று அடித்துச் சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு: ஆராவின் எம்.எல்.எஸ்ஸில் ஹைட்ரஜன் குளோரைடைப் பார்க்கும் முதன்மை அலைவரிசை 2006 தொடக்கத்திலேயே தளர்ந்துவிட்டது. ஹேலோ நின்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. கைமாற்றம் எத்தனை மெல்லிய சந்தில் நடந்திருக்கிறது!

*

2005 டிசம்பரில் யு.ஏ.ஆர்.எஸ்ஸை அணைத்தார்கள். பத்துக் கருவிகளில் ஆறு அந்த ஆண்டிலும் வேலை செய்துகொண்டிருந்தன. மிச்சமிருந்த எரிபொருளை எரித்துச் சுற்றுப்பாதையைத் தாழ்த்தினார்கள், சீக்கிரம் விழட்டும் என்று. ஆறு ஆண்டு கழித்து விழுந்தபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது ஆராவின் முறை. ஐந்தாறு ஆண்டுக்கென்று போனது, இருபதைத் தாண்டிவிட்டது. அதன் நான்கு கருவிகளில் ஒன்று, ஏவும்போதே பிளாஸ்டிக் தாள் ஒன்று பிய்ந்து கண்ணை மறைக்க, ஒற்றைச் சந்தில் பார்த்துப் பார்த்தே 2008இல் நின்றது. இன்னொன்றுக்கு 2018இல் ஓய்வு கொடுத்தார்கள். மிச்சம் இரண்டு. 2022 ஜனவரியில் தொங்கா தீவருகே கடலடி எரிமலை வெடித்தபோது, மேல்வளிமண்டலத்துக்குள் சுமார் 14.6 கோடி டன் நீராவி போனதை அளந்து சொன்னது பதினேழரை வயதான எம்.எல்.எஸ்தான். அங்கே வழக்கமாக இருக்கும் நீராவியில் பத்தில் ஒரு பங்கு அது. அப்படி ஒரு வெடிப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விழித்திருந்த கிழவர் பார்த்தார், அவ்வளவுதான்.

ஓசோன் முழுதாகத் தேற இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டும் என்கிறார்கள். எந்தச் செயற்கைக்கோளும் அவ்வளவு காலம் இருக்காது. எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் தன் பங்கைப் பார்த்துவிட்டு இன்னொன்றின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆராவும் ஒரு நாள் விழும். அன்றைக்கும் சேனல்கள் யார் தலையில் என்று கேட்கும். நாம் வேறொன்றைக் கேட்கலாம்: மாற்றாள் வந்தாச்சா?