மணப்பந்தரும் திருமுறையும்

ஒரே ஊரில் ஒரு மனையிற் சாவும் மற்றொரு மனையில் மணமும் நிகழ்வதனை நோக்கி உலகியல்பினை எண்ணி வருந்திய புலவர் பக்குடுக்கை நன்கணியார். அவர் பாட்டு புறநானூற்றில் 194ஆம் பாட்டாக வைக்கப்பெற்றுள்ளது. அவ்விரு மனைகளையும் அவர் வேறுபடுத்திக் காட்டுவது பறையொலி கொண்டேயாம். ஓரிடத்து ஒலிப்பது நெய்தற்பறை. மற்றோரிடத்து ஒலிப்பது மணமுழவு. நாலடியார் இன்னும் ஒருபடி சென்று, மணத்திற்கென முழங்கத் தொடங்கிய பறையே அன்றைப் பொழுதிற்குள் பிணப்பறையாதலும் உண்டென நிலையாமை கூறிற்று. தெருவிற் செல்வான் ஒருவன் பந்தரைக் காணாமுன்னரே, செவிவாயிலாக இது மணமனை, இது பிணமனை என அறிந்துகொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் அத்துணைப் பழைமையுடையதென்பது இவற்றாற் புலனாம். ஆகவே, மணத்திற்கு எவ்விசை ஏற்றது என்னும் ஆராய்ச்சி இக்காலத்தார் புதிதாகத் தோற்றுவித்த ஒன்றன்று.

அகநானூற்றில் மணவிழாவினை விரித்துரைக்கும் பாட்டுக்கள் இரண்டுள. 86ஆம் பாட்டு நல்லாவூர்கிழார் பாடியது. 136ஆம் பாட்டு விற்றூற்று மூதெயினனார் பாடியது. முன்னதில் உழுத்தம் பருப்புப் பெய்த பொங்கலும், மணல் பரப்பிய பந்தரும், வைகறை விளக்கும் கூறப்பட்டுள்ளன. ஆண்டு மணமகளை நீராட்டுவோர் மக்களைப் பெற்ற மகளிர் நால்வர். நீராட்டுங்கால் அவர் வாயினின்றெழுவது வாழ்த்து. பின்னதில் மணமுழவும் பெரும்பணையும் முழங்குகின்றன. இவ்விரு பாட்டையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். தமிழர் மணத்தில் ஒலி இருவகைப்படும். ஒன்று சொல்லோடு கூடிய வாழ்த்து. மற்றொன்று சொல்லில்லாத முழக்கம். சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலிலும் இவ்விரண்டும் உள. முரசும் முருடும் சங்கும் ஒருபால். மலரும் விளக்கும் முளைக்குடமும் ஏந்திவந்து வாழ்த்திசைக்கும் மகளிர் மற்றொருபால். வைணவர் இல்லங்களில் ஆண்டாள் அருளிய வாரணமாயிரம் ஓதப்பெறுவதும் இம்மரபினதே. ஆண்டும் மத்தளமும் சங்கும் முழங்கத்தான் கைத்தலம் பற்றுதல் சொல்லப்படுகின்றது.

சங்கநூல்களில் நாகசுரம் என்னும் பெயர் இல்லை. ஆயினும் முழக்கமாகிய பகுதியைப் பிற்காலத்தில் முற்றும் ஏற்றுக்கொண்டது நாகசுரமும் தவிலும் ஒத்தும் தாளமும் சேர்ந்த பெரியமேளமே. கோயிலில் திருவிழாவிற்கு முழங்குவதே மணமனையிலும் முழங்குதலின், மணமக்களை அம்மையப்பராகக் கருதும் எண்ணம் சொல்லாமலே உணர்த்தப்படுகின்றது. மங்கலநாண் பூட்டும் நொடியிற் புரோகிதர் கையசைக்க, அதுகாறும் இராகத்தை விரித்துக்கொண்டிருந்த நாகசுரக்காரர் அதனை விடுத்து விரைந்தூத, தவில் ஓயாது அதிரும். இதனைக் கெட்டிமேளம் என்பர். தும்மல், அழுகை, தகாச்சொல் ஆகியன அந்நேரத்திற் செவியில் விழாதிருத்தற்பொருட்டே இது செய்யப்படுகின்றதென்பது பெரியோர் கூற்று. எனவே அவ்வொரு நொடியில் இசையின் தொழில் பிறவொலியை மறைத்தல். கேட்பிக்கும் தொழில் அதற்கு முன்னும் பின்னுமே உளது. முகாரி முதலிய சில இராகங்களை அழுகைச்சுவைக்குரியன என மணமனையில் விலக்குவாரும் உளர்.

சொல்லோடு கூடிய பகுதிதான் காலந்தோறும் மாறிவந்துள்ளது. நலங்கிற்கும் ஊஞ்சலுக்கும் மகளிர் பாடும் பாடல்கள் வீட்டுக்கு வீடு வேறுபடும். தியாகராசர் (1767-1847) பாடிய சீதா கல்யாணப் பாட்டு, பொருள் அறியாத தமிழ் மனைகளிலும் இடம்பெற்றது. தேவாரமோ நெடுங்காலம் திருக்கோயிலிலும் திருமடத்திலும் வழங்கி, மணமனையில் ஒரு காப்புப் பாட்டளவில் நின்றது. தமிழ்மந்திரங்கொண்டு மணம் நடத்துதல் வேண்டுமென்னும் கிளர்ச்சி இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றபோது இந்நிலை மாறிற்று. 1967ஆம் ஆண்டில் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டளவில் 7-அ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்றது. உற்றார் முதலியோர் முன்னிலையில் இருவரும் தமக்குத் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறுதலோ, மாலையோ மோதிரமோ அணிவித்தலோ, தாலி கட்டுதலோ மணத்திற்குப் போதுமென அது வகுத்தது. அதன்பின் ஓதுவாமூர்த்திகள் திருமுறை ஓத நடைபெறும் மணங்கட்கும் சட்டத்தின் துணை ஐயமற வாய்த்தது. திருமுறை அலங்காரமாக நின்றவரையில் எப்பதிகத்தை ஓதினும் கேட்பாரில்லை. அதுவே மணத்தின் உறுப்பாயினமையின், எதனை ஓதுவது என்னும் வினா எழுந்தது.

மணத்தில் தோன்றிய பதிகத்தையே மணத்தில் ஓதலாமே என எளிதில் விடைகூறத் தோன்றும். அத்தகைய பதிகம் ஒன்று உண்டு. கொள்ளிடத்திற்கு அணித்தாய் இக்காலத்தில் ஆச்சாள்புரம் என வழங்கும் திருநல்லூர்ப்பெருமணத்தில், நம்பாண்டார் நம்பியின் மகளாரைத் திருஞானசம்பந்தர் மணந்தருளினார். சேக்கிழார் அவ்விழாவினை மிக விரித்துரைக்கின்றார். முளைப்பாலிகை, மங்கல முழக்கம், மறையொலி ஆகிய யாவும் ஆண்டுள. கரணம் நடத்தியவர் திருநீலநக்க நாயனார். திருநீலகண்ட யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும் முருக நாயனாரும் உடனிருந்தனர். இத்துணைச் சிறப்பான இசைக்குழு வேறெம்மணத்திற்கும் வாய்த்திலது! பிள்ளையார் தீவலம் வருங்கால், இத்தீயாவான் சிவபெருமானே எனவும், இவளோடும் அவன் திருவடி சேர்வேன் எனவும் கருதி, மணப்பந்தரினின்றும் திருக்கோயிலுட் புகுந்து ஒரு பதிகம் அருளினார். அது மூன்றாந் திருமுறையில் 125ஆம் பதிகம், பண் அந்தாளிக்குறிஞ்சி. உடனே சோதி தோன்றிற்று. பின் கௌசிகப் பண்ணில் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளி, மணத்திற்கு வந்தார் யாவரையும் அச்சோதியுட் புகுவித்துத் தாமும் மணமகளாரொடு புகுந்தருளினார்.

ஆனால் 125ஆம் பதிகம் மணமனைகளிற் பெரிதும் ஓதப்படுவதில்லை. ஓதாமைக்குக் காரணம் அறியாமை அன்று, பதிகத்தின் பொருளே. அது மணவாழ்வை வாழ்த்தியதன்று. மணத்தை வேண்டாது திருவடிப்பேற்றினை வேண்டியது. இல்லறத்துட் புகுவார்க்கு அதன் வாயிலிலேயே துறவும் முத்தியும் பேசும் பதிகத்தை ஓதுதல் பொருந்தாதென ஓதுவார் மரபு கொண்டது நுண்ணிய அறிவின்பாற்பட்டது. திருநல்லூர்ப்பெருமணத்தில் ஆண்டுதோறும் வைகாசி மூலத்தில் நிகழும் திருமண விழாவிற்கு அது முற்றும் உரியது. ஆண்டு மணமே முத்தியாய் முடிந்தமையின் மாறுபாடில்லை.

தோன்றிய இடத்தை மாத்திரம் நோக்கி இசை தேர்வதன் குற்றத்தை மேல்நாட்டு வழக்கு ஒன்று நன்கு விளக்கும். செர்மானிய இசைவாணர் வாக்னர் இயற்றிய லோகென்கிரின் என்னும் இசைநாடகம் 1850ஆம் ஆண்டில் வைமர் நகரில் முதன்முதல் நடிக்கப்பெற்றது. அதன் மூன்றாம் அங்கத்தில் மணமக்களைப் பள்ளியறைக்கு உய்க்கும் பாட்டொன்று வருகின்றது. அதன் மெட்டே கிறித்தவ மணங்களில் மணமகள் ஆலயத்துட் புகுங்கால் வாசிக்கும் இசையாக உலகெங்கும் பரவி, இக்காலத்துத் தமிழ் மணமண்டபங்களின் மாலை வரவேற்பிலும் கேட்கப்படுகின்றது. நாடகத்தில் நடப்பது யாதெனின், அப்பாட்டு முடிந்த அவ்விரவிலேயே மணமகள் கேட்கலாகாத வினாவைக் கேட்கின்றாள், மணமகன் அவளைப் பிரிந்து போகின்றான், அவளும் மாய்கின்றாள். நாடகமேடைக்குரியதென்றும் பிற காரணம் பற்றியும் இதனைத் தம் ஆலயங்களில் விலக்கும் திருச்சபையாரும் உளர். மணமக்கள் திரும்புங்கால் வாசிக்கும் மெண்டல்சோனின் இசையோ அவ்வாறன்று. அது சேக்சுபியரின் நடுவேனிற் கனவு நாடகத்திற்கென 1842இல் இயற்றப்பட்டது. அந்நாடகத்திற் பிணக்கெல்லாம் தீர்ந்து மணங்கள் இனிது நிறைவேறுகின்றன. விக்டோரியா அரசியாரின் மூத்த மகளார் மணம் 1858இல் நிகழ்ந்தபோது அது வாசிக்கப்பெற்றமையால் பெருவழக்காயிற்று.

இனித் தமிழ்நாட்டு ஓதுவார் மரபு மணத்திற்குத் தேர்ந்துகொண்ட பதிகம் எது? கொல்லிப்பண்ணில் அமைந்த திருக்கழுமலப் பதிகம். மூன்றாந் திருமுறையில் 24ஆவது. அது மணத்தின்பொருட்டு அருளியதன்று. ஆயினும் இம்மண்ணுலகில் நன்கு வாழ்தல் கூடும் எனவும், நாடோறும் நற்கதிக்குக் குறைவில்லை எனவும் தெளிவுறுத்தி, இறைவன் அம்மையோடு உடனாய் வீற்றிருக்கும் கோலத்தைக் காட்டுதலின் இல்லறம் புகுவார்க்கு இதனினும் ஏற்றதொன்று காண்டல் அரிது. மண்ணுலக வாழ்வினைப் பொய்யென்று இகழாது அதனையே வீட்டுநெறியாகக் காட்டும் சித்தாந்தக் கருத்தும் இதன்கண் உளது. பொற்கிண்ணத்துப் பாலுண்டதும் தாதையார் வெகுண்டதுமாகிய தம் இளமை நிகழ்ச்சியைப் பிள்ளையார் தாமே குறிப்பிடுவதும் இப்பதிகத்தில்தான். தந்தையும் மகவும் பேசப்படும் பதிகம் மணமனைக்கு இயைந்ததே.

திருமருகற் பதிகம் வேறுவகையது. வைப்பூர் வணிகன் தாமன் தன் பெண்கள் எழுவருள் ஒருத்தியை மருமகனுக்குத் தருவதாகக் கூறி, அறுவரைப் பிறர்க்கே கொடுத்துவிட்டான். இரங்கிய ஏழாமவள் அவ்வத்தானோடு போந்து திருமருகலில் தங்க, அன்றிரவே அவனை அரவு தீண்டிற்று. அவள் அழுகை கேட்டுப் பிள்ளையார் இந்தளப்பண்ணில் ஒரு பதிகம் பாட, அவன் உயிர்பெற்றெழுந்தான். பின் இருவர்க்கும் பிள்ளையாரே மணம் புணர்வித்தார். மணம் கைகூடவேண்டிக் கன்னியர் இதனை ஓதுவர். மணநாளில் ஓதுதல் அருகியே காணப்படுகின்றது. அப்பதிகம் முழுதும் அவளது துயரைச் சொல்லி முறையிடுதலால் இது வியப்பன்று. வேண்டுதற்கு உரிய பதிகம் வேறு, வேண்டியது பெற்றபின் ஓதற்குரியது வேறு.

பொருளே அளவுகோல் என்னும் இம்முடிபிற்குத் தடையாய் நிற்பது திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம். இருபது பாட்டுக்களையுடைய அப்பகுதியில் முத்துமாலை தூக்குதலும், முளைக்குடம் வைத்தலும், விளக்கேற்றுதலும், மகளிர் கூடி இறைவன் நீராடற்குரிய நறுஞ்சுண்ணம் இடித்தலும் வருகின்றன. சொல்லளவிற் பார்ப்பின் ஒரு மணமனையே கண்முன் நிற்கும். ஆயினும் ஈழத்துச் சைவர் இறுதிக்கிரியையிற் சுண்ணமிடிக்கும்போது ஓதுவது இதனையே. யாழ்ப்பாணத்து மனையொன்றில் மணநாளன்று திருப்பொற்சுண்ணம் எழுமாயின் முதியோர் திடுக்கிடுவர். உயிர் திருவடியை மணத்தலே சாவு என்னும் கொள்கையால் மங்கலப்பாட்டே அங்குச் சென்றதெனக் கொள்ளின், அதில் அரிய தத்துவம் உண்டு. எனினும் தத்துவம் எத்துணை உயர்ந்ததாயினும், தன் தாய்க்குச் சுண்ணமிடித்தபோது கேட்ட பாட்டை மணப்பந்தரிற் கேட்கும் ஒருத்தியின் கண்ணீரைத் தத்துவம் நிறுத்திவிடாது. தமிழகத்து அடியார் ஈழத்தாரொடு மணவுறவு கொள்ளுமிடங்களில் இதனை முன்னரே கேட்டறிந்து விலக்குதல் நலம். நன்கணியார் கேட்ட இரு பறைகளின் வேறுபாடு இன்றும் செவியிலேதான் வாழ்கின்றது. நூலைப் பார்த்து அதனை அறிதல் இயலாது.

திருப்பொன்னூசலுக்கு அவ்விடர் இல்லை. ஒன்பது பாட்டே உடைமையால் ஊஞ்சற்சடங்கின் கால அளவிற்குச் சரியாக அமையும். ஊஞ்சலை ஆட்டும் மகளிரே பாடுதற்குரிய எளிமையும் அதற்குண்டு. ஓதுவாரை அமர்த்தற்கியலாத மனையினரும் இதனைக் கைக்கொள்ளலாம்.

எப்பதிகம் என்பதோடு எப்பொழுது என்பதும் நோக்கத்தக்கது. கெட்டிமேளத்தின் நடுவே ஓதுவாரைப் பாடச்சொல்வார் சிலர் உளர். தவிலின் முன்னர்த் தனிக்குரல் நில்லாது. ஒலிபெருக்கி கொண்டு அதனை உயர்த்தினால் இரண்டுங் கெடும். கழுமலப் பதிகத்தை மங்கலநாண் பூட்டுதற்கு முன்னர், அவையோர் அமர்ந்து அமைதியாயிருக்கும் காலத்தில், பண்ணோடு நிறுத்தி ஓதுவித்தல் வேண்டும். அந்நொடியை நாகசுரத்திற்கே விட்டுவிடலாம். மேளம் அடங்கி அறுகும் அரிசியும் தூவி வாழ்த்துங்கால் மீண்டும் வாழ்த்துப்பாடல் ஏற்கும். இதனால் அகநானூற்று மணங்களிற் கண்ட வாழ்த்தும் முழக்கமும் தத்தம் இடத்தில் நிற்கும். நாகசுரக்காரரை விடுத்துப் பதிவிசையை முழக்குவோர் ஒன்றை மறக்கின்றனர். நாண் பூட்டும் நொடி எப்பொழுது வருமென்பது பொறிக்குத் தெரியாது. மணமகன் கை நடுங்கி முடிச்சுத் தாமதிப்பின் அதுவரை மேளத்தை நீட்டிப்பவர், அவன் கையையே நோக்கியிருக்கும் தவிற்காரர்.

மாலை வரவேற்பின் செய்தி வேறு. அங்கு வருவோர் உண்பர், உரையாடுவர், எழுந்து செல்வர். அவ்விடத்தில் தேவாரத்தை ஓதுவித்தல் ஓதுவார்க்கும் பதிகத்திற்கும் சிறப்பன்று. வீணையோ குழலோ மெல்ல ஒலிக்க விடுதலே அமையும். திருமுறை கேட்க விழைவார், முதுமகளிர் சூழ ஊஞ்சல் நடக்கும் சிறு கூட்டத்தில் அதனை வைத்துக்கொள்வாராக.