டைனமோவில் ஓடிய பாட்டு

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. அதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரமும் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். மருதனார்மடத்துக்குக் கிட்ட நான் றேடியோ திருத்தும் சிறு கடை வைத்திருந்தேன். இனிக் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அடுத்த ஐந்து வருஷம் எனக்குக் கிடைத்த வேலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காரணம், எங்கள் ஊர்க் காது அப்படி வளர்ந்த காது. பக்கத்தில் இணுவில், கொஞ்சம் வடக்கே அளவெட்டி. 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியையும், நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதனையும் கோயில் வீதியில் விடிய விடிய இருந்து கேட்டவர்கள் எங்கள் பெரியவர்கள். பூங்காவனத் திருவிழா என்றால் மேளம் கேட்கவே பாயைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். திருவிழா இல்லாத நாளுக்கு வானொலி இருந்தது. இலங்கையில் ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது; திருச்சி வானொலி நிலையம் 1939இல் வந்தது. மத்திய அலை, தரையைவிட உப்புக் கடலின் மேலாகச் சேதம் குறைவாக வரும். அதனால் பாக்கு நீரிணையைத் தாண்டி வரும் திருச்சி, பல இரவுகளில் கொழும்பைவிடத் தெளிவாகக் கேட்டது.

மின்சாரம் இல்லாத ஊருக்கு அந்த வானொலியை மீட்டுத் தந்தது சைக்கிள் டைனமோ. லைற்றுக்காக டயரோடு உரசி ஓடும் அந்தச் சின்னக் குடுவை 6 வோல்ட் தரும். நாலு பற்றரி போடும் றேடியோவுக்கும் அதே 6 வோல்ட்தான் வேண்டும். ஆனால் டைனமோவிலிருந்து வருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அப்படியே கொடுத்தால் றேடியோ கெட்டுப்போகும். நடுவில் நாலு டயோட் வைத்து ஒரே திசையாக்கி, ஒரு கண்டென்சரையும் போட்டால் இரைச்சல் அடங்கும். புது டயோட் கிடைக்காது. பழுதான ரீவி, கசற் பிளேயர்களைக் கழற்றி, ஈயத்தை உருக்கி ஒவ்வொன்றாக எடுப்பேன். சைக்கிளை இரட்டை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க வேண்டும், அல்லது கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை ஓய்ந்தால் சத்தம் இறங்கும். கசற் என்றால் பாட்டே இழுபட்டு, பெண் குரல் ஆண் குரலாகும். "மிதி மிதி" என்று எல்லாரும் கத்துவார்கள்.

இரவானால் ஒரு வீட்டு முற்றத்தில் ஒழுங்கையே கூடும். முதலில் பிபிசி தமிழோசை. செய்தி முடிய, பாட்டு. 1992இல் வந்த 'ரோஜா' படத்துப் பாட்டுகளை எங்கள் பிள்ளைகள் படம் பார்க்காமலே முழுதாகப் பாடினார்கள். மிதிக்க முறை வைத்து அடிபட்டார்கள்.

மகனைப் பறிகொடுத்த ஒரு ஆச்சி ஒரு நாள் பழைய றேடியோவைச் சீலையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். "செய்தி வேண்டாம் மோனை. விடியப்புறம் பக்திப் பாட்டு மட்டும் கேட்டால் போதும்" என்றார். செய்து கொடுத்தேன். பேரன் மிதிக்க, அவர் கேட்டார். பிறகு, பாட்டு முடிந்த கையோடு தேத்தண்ணி வைத்து நாலு வாய் சாப்பிடுகிறார் என்று அந்தப் பொடியன் வந்து சொன்னான். அவருடைய துக்கம் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அன்றைய நாளைத் தொடங்க ஒரு பிடி கிடைத்தது.

1995 ஒக்டோபர் 30 அன்று போரால் எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும், குடாநாட்டின் கிழக்கிலுள்ள தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, அரிசிப் பையோடு றேடியோவையும் கட்டிக்கொண்டு சைக்கிள் உருட்டியவர்களை வழியெல்லாம் கண்டேன். சும்மா பொழுதுபோக்குக்காக யாரும் அந்தப் பாரத்தைச் சுமக்கமாட்டார்கள்.

அந்த வருஷங்களின் மனக்காயங்களை மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். மனம் நொந்து வந்தவர்களுக்கு, அவரவர் சமயத்தில் பழகிய சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் செபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் அவர் பயன்படுத்தினார். பழகிய ஓசைக்கு மனதை அமர்த்தும் வலு உண்டு. 2011இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உருக்கமான இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் சுரப்பதைக் காட்டினார்கள். பிடித்த இடம் வருமுன்னே, எதிர்பார்ப்பிலேயே அது தொடங்கிவிடுகிறதாம். செய்தி எப்போது முடியும், பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்த எங்கள் முற்றத்துக்கு அது புதுச் செய்தி அல்ல.

இசை, வயிறு நிறைந்தவனின் சொகுசு என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. இல்லாமையிலும் கை நோகச் சுற்றி நாங்கள் பாட்டுக் கேட்டோம். புத்தி பேதலிக்காமல் இருந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கேட்டது மட்டுமல்ல, கூடிக் கேட்டதுதான் மருந்து.

இன்று எங்கள் ஊரில் பல வீடுகளில் முதியவர்கள் தனித்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, மருந்துக்கு அனுப்பும் காசோடு ஒரு நல்ல றேடியோவும் வாங்கிக் கொடுங்கள். அதைப் போட்டுவிட்டு, ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து சேர்ந்து கேட்க ஒரு ஆளையும் ஒழுங்கு செய்யுங்கள்.