ஓரத்தில் ஒட்டிய சீட்டு

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் நீங்கள் நுழைந்தால், அலமாரி நிறைய அடுக்கிய தடித்த புத்தகங்களைக் காணலாம். அவை பழைய வழக்குகளின் தீர்ப்புத் தொகுதிகள். தமக்கு ஏற்ற தீர்ப்பொன்றை அவற்றில் கண்டுபிடித்தால் மட்டும் வழக்கறிஞருக்குப் போதுமா? போதாது. பிற்காலத் தீர்ப்பு ஒன்று அதைச் செல்லாததாக்கி இருக்கலாம். அதை அறியாமல் வாதாடினால் கட்சிக்காரர் வழக்கையே இழக்க நேரிடும்.

அச்சாகிவிட்ட புத்தகம் பின்னால் நடந்ததை எப்படிச் சொல்லும்? 1873இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் இதற்கு எளிய வழி கண்டார். இல்லினாய்ஸ் மாநிலத் தீர்ப்புகளைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்துக்காட்டின என்பதைப் பசைச் சீட்டுகளில் அச்சிட்டுக் கொடுத்தார். வழக்கறிஞர்கள் அவற்றைப் பக்க ஓரத்தில் ஒட்டிக்கொண்டனர். நாளடைவில் சீட்டுகள் நூல்களாயின.

நூறாண்டு கழித்து, 1973இல், லெக்சிஸ் என்னும் கணிப்பொறிச் சேவை அங்கே தொடங்கியது. ஒரு சொல்லைத் தட்டினால், அச்சொல் வரும் தீர்ப்புகள் திரையில் தோன்றின.

2023இல் நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். வழக்கறிஞர்கள் காட்டிய தீர்ப்புகளுள் ஆறு, எங்குமே இல்லாதவை! சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல் அவற்றைப் புனைந்திருந்தது. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துத் தொடுப்பதே அதன் வேலை. "இது உண்மையான தீர்ப்புதானா?" என்று அதனிடமே கேட்டபோது, ஆம் என்றது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

சாட்சி தனக்குத்தானே சாட்சியாகலாமா? கருவி எதுவானாலும், அது சொன்னதை மூல ஏட்டில் சரிபார்க்க வேண்டும். ஷெப்பர்டின் சீட்டு அதற்காகத்தானே பிறந்தது!