பழைய வண்டியும் புதிய மின்வாயும்
(மட்டக்களப்பு வாவிக்கரையை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு)

வரலாறு என்றதும் மன்னர் முடிபுனைந்த ஆண்டுகளையும் படைகள் பொருத களங்களையும் எண்ணுதல் நம்மவர் வழக்கம். ஆயினும் மக்கள் நாள்தோறும் கையாளும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு பல வேளைகளில் அரசியல் வரலாற்றினும் நெருக்கமாக மக்கள் வாழ்வைக் காட்டவல்லது. பழைய மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையிலே பிற்காலத்தில் துளையிட்டுப் பொருத்தப்பட்ட ஒரு மின்வாய் அத்தகைய சிறு பொருளாகும். அது எங்கிருந்து வந்தது? ஏன் வேண்டப்பட்டது? அதனை ஏற்கும் ஆற்றல் அவ்வண்டிக்கு உண்டா? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டக்களப்பு நாட்டினை வடக்குத் தெற்காக ஊடறுத்து ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடப்பது வாவி. அதன் கீழ்க்கரை எழுவான்கரை, மேல்கரை படுவான்கரை. கடலோர ஊர்களும் நகரும் பெருந்தெருவும் எழுவான்கரையில் அமைய, வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும் படுவான்கரையில் அமைந்தன. 1924ஆம் ஆண்டிலே கல்லடியில் இரும்புப் பாலம் அமைந்தது. தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரால் அது வழங்கிற்று. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது. எனினும், தெற்கே மண்முனையிலும் குருக்கள்மடத்திலும் குறுமண்வெளியிலும் வாவியைக் கடப்போர் நெடுங்காலம் ‘பாதை’ எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. பொறியை நிறுத்திவிட்டு, மறுகரையிலிருந்து பாதை வருமளவும் வண்டியுள் காத்திருத்தல் இந்நாட்டின் பழைய அனுபவம். இக்காத்திருப்பு நமது பொருளுக்குப் புறம்பானதன்று என்பது பின்னர்ப் புலனாகும்.

இத்தகைய பொருளைத் தமிழிலே எழுதலாமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறலாம். இந்நாட்டின் காரைதீவிலே 1892இல் தோன்றிய சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றவர், விஞ்ஞானம் கற்பித்தவர், தமிழிற் கலைச்சொல் ஆக்கும் பணியிலும் முன்னின்றவர். உருகி, ஆளி, செருகி, குதை, மின்கலவடுக்கு முதலாய சொற்கள் இன்று நம் மாணவர் நாவிலே எளிதாக வழங்குகின்றன.

1. வண்டியுள் மின்சாரம் புகுந்தமை

முதற்கால மோட்டார் வண்டிகளில் மின்கலவடுக்கு இன்றியமையாததாக இருக்கவில்லை. தீப்பொறியை மக்னீற்றோ என்னும் கருவி தந்தது. விளக்குகள் மண்ணெண்ணெயாலோ, காபைட்டில் நீர் சொட்டப் பிறக்கும் அசற்றலீன் வாயுவாலோ எரிந்தன. பொறியைக் கைப்பிடியாற் சுழற்றித் தொடக்குதல் வலியார்க்கும் இடரே. அது பின்னுதைத்துக் கையொடிந்தோர் பலர். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் ஆக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியிலே இடம்பெற்றது. தொடக்கிக்கு மின்கலவடுக்கு வேண்டும். அதனை மீளநிரப்பத் தைனமோ வேண்டும். இரண்டும் வந்தபின் விளக்கும் ஊதுகுழலும் மின்சாரத்தை நாடின. இங்ஙனம் ஒரு தேவைக்காக வந்த மின்சாரம் வேறு பல தேவைகளைத் தன்பின் அழைத்து வந்தது. பின்வரும் வரலாறு முழுவதும் இதன் விரிவே எனலாம்.

மின்வாயின் முன்னோடி புகைபிடிப்போர்க்காக ஆக்கப்பட்டது. 1920களில் அமெரிக்காவிலே, கம்பியின்றிக் கழற்றி எடுக்கத்தக்க சுருட்டு மூட்டி தோன்றிற்று. அதனைக் கொள்ளும் உருளை வடிவான குதையின் உள்விட்டம் ஏறத்தாழ இருபத்தொரு மில்லிமீற்றர். நடுவிலே ஒரு தொடுமுனை. சுற்றிலும் உலோக உறை. மூட்டியை அகற்றிவிட்டு அவ்விடத்திலே வேறு கருவியின் செருகியை நுழைக்கலாம் எனக் கண்டோர், முகம் மழிக்கும் பொறியையும் கைவிளக்கையும் அதிலே பொருத்தினர். நெருப்பு மூட்டுதற்கு இட்ட துளையே உலகெங்கும் வண்டியின் பொது மின்வாய் ஆயிற்று. புகைபிடித்தல் குறைந்த காலத்தும் அத்துளையின் அளவு மாறவில்லை.

வானொலி மற்றொரு படி. 1930இல் அமெரிக்காவிலே மோட்டரோலா என்னும் வண்டி வானொலி விற்பனைக்கு வந்தது. வால்வுகளுக்கு உயர் அழுத்தம் வேண்டும். ஆகவே வண்டியின் தாழ்ந்த அழுத்தத்தை அதிர்வி ஒன்றினால் வெட்டி, மாற்றியினால் உயர்த்தினர். ஒலிபெருக்கியைக் கூரையிற் கட்டிய கார்களும் இலங்கைத் தெருக்களில் உலாவின. தேர்தற் கூட்டமாயினும் கோயிற் கொடியேற்றமாயினும் செய்தியை ஊருக்கு ஓதிச் சென்ற அக்கார்களில், மேலதிகச் சுமையைத் தாங்கியது அதே மின்கலவடுக்குத்தான்.

2. பழைய வண்டி நிலைத்தமை

இனி, இலங்கையிற் பழைய வண்டிகள் ஏன் இத்துணைக் காலம் ஓடின என்பதை நோக்குவோம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டு மேலும் இறுகிற்று. ஆகவே 1948இல் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் குலத்து வண்டிகளும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வரும் முதுசமாயின. தேய்ந்த உறுப்புக்கு மாற்றுறுப்புக் கிடையாத இடத்து, ஊர்க் கம்மியர் தாமே கடைந்து கொடுத்தனர். இக்கைத்திறன் எவ்வளவு வளர்ந்ததெனில், மொறிஸ் மைனருக்குரிய உடற்பகுதிகள் 1990களில் இலங்கையிற் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. பின்னரும் 2020 மார்ச்சிலே இறக்குமதி தடைப்பட்டது. 2025இலேதான் அது தளர்ந்தது. பழையதைப் பேணுதல் இங்கே பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. பிழைப்பின் நெறியாகவும் இருந்தது.

3. வண்டியின் மின்கலம் வீட்டுக்கு வந்தமை

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது இவ்வரலாறு வேறொரு திசையிற் சென்றது. வாவி இரு ஆட்சிகளின் எல்லையாயிற்று. எழுவான்கரை பெரும்பாலும் அரசின் பிடியில் இருக்க, படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. மின்கம்பி எட்டாத ஊர்கள் அங்கே பல.

மின்கம்பி எட்டாத ஊர்களில் மக்கள் என்ன செய்தனர்? வண்டியின் மின்கலவடுக்கைக் கழற்றி வீட்டினுள் வைத்தனர். பன்னிரண்டு வோல்ற்றுக் குமிழோ சிறு குழல்விளக்கோ அதில் எரிந்தது, வானொலி ஒலித்தது, சில இல்லங்களிற் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியும் ஓடிற்று. மின்னுள்ள இடத்துக்குத் துவிச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் அதனைக் கட்டிச் சென்று, பணம் கொடுத்து நிரப்பி மீளல் இலங்கைக் கிராமங்கள் பலவற்றின் வழக்கமாயிற்று. வடக்கே யாழ்ப்பாணத்தில், உலர்மின்கலமும் தடைசெய்யப்பட்ட நாள்களில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றித் தைனமோவினால் வானொலி கேட்டமை யாவரும் அறிந்ததே. கார்களைச் சிறிது பெற்றோலினால் தொடக்கி மண்ணெண்ணெயால் ஓட்டியதும் அக்காலத்திலேயே.

இங்கு நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. செல்வ நாடுகளில் வீட்டுக் கருவிகள் வண்டியைத் தேடிச் சென்றன. நம் நாட்டில் வண்டியின் மின்கலம் வீட்டைத் தேடி வந்தது. மகனின் கடிதம் படிக்க ஒரு விளக்கு, உறவினர் இருந்த ஊரின் செய்தியறிய ஒரு வானொலி, பிள்ளை பரீட்சைக்குப் படிக்க ஓரிரு மணிநேர ஒளி. இவையே அன்றைய தேவைகள். எவ்வளவு சேமித்தால் எத்தனை இரவு எரியும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாத தாய்மாரும் கணித்திருந்தனர்.

4. புதிய வாயும் பழைய கணக்கும்

போர் 2009இல் முடிவுற்றது. மின்கம்பங்கள் படிப்படியாகப் படுவான்கரை ஊர்களுக்கும் சென்றன. கைப்பேசி எங்கும் பரவிற்று. 2022 மார்ச் இறுதியிலே எரிபொருட் பஞ்சத்தால் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாடெங்கும் மின் நின்றபோது, வண்டியின் மின்வாய் மீண்டும் வீட்டாரின் துணையாயிற்று. இன்று பழைய வண்டிக்குக் கூடுதல் வாய் வேண்டுவோர் பலர். ஆனால் பழைய வண்டியின் உள்ளமைப்பு அறியாது துளையிடுதல் தீங்காய் முடியும்.

முதலாவது, முனைவு. பிரித்தானிய வண்டிகளிற் பெரும்பாலானவை 1930களின் நடுப்பகுதி முதல் 1960கள் வரை நேர்முனையை வண்டியுடலோடு இணைத்தன. தீப்பொறி எளிதிற் பாயும், முனைகளின் அரிப்புக் குறையும் என்பன அன்று கூறப்பட்ட காரணங்கள். மொறிஸ் மைனரும் அவ்வகையினதே. இக்காலத்து மின்னேற்றியோ குதையின் நடுமுனை நேராகவும் உறை மறையாகவும் இருக்குமென எதிர்பார்க்கிறது. பழைய வண்டியில் இது தலைகீழ். கம்பியை மாற்றி இணைத்தாற் போதாதோ எனின், போதாது. மின்னேற்றியின் மறைப்பக்க உலோகம் எவ்விதமாவது வண்டியுடலைத் தொடின் குறுக்குச் சுற்று நிகழும். ஆதலின் குதை முழுவதும் காவலிடப்பட்டதாய் இருத்தல் வேண்டும். அன்றேல் வண்டியையே மறைமுனைப் புவித்தொடர்புக்கு மாற்றல் வேண்டும். மின்கலவடுக்கின் இணைப்பை மாற்றி, தீப்பொறிச் சுருளின் இரு கம்பிகளையும் இடம்மாற்றி, தைனமோவின் புலச்சுருளுக்குக் கணநேரம் மின்னூட்டி அதன் எஞ்சிய காந்தத்தைத் திருப்புவர். தொடக்கி மோட்டாருக்கு மாற்றம் வேண்டுவதில்லை. புலமும் சுழலியும் ஒருங்கே திசைமாறுவதால் அது முன்போலவே சுழலும். பௌதிகம் பயிலும் மாணவர் இதன் காரணத்தைத் தாமே வரைந்து காண்பாராக.

இரண்டாவது, வரவும் செலவும். மைனரிற் பொருத்தப்பட்ட லூக்காஸ் தைனமோ மிகுதியாகத் தரக்கூடியது ஏறத்தாழ இருபத்திரண்டு அம்பியர். அதுவும் பொறி விரைந்து சுழலும்போதே. பொறி மெல்ல ஓடுங்கால் வரவு சொற்பமே. இரவிலே முன்விளக்கு இரண்டும் நாற்பத்திரண்டு உவாற்று வீதம் ஏழு அம்பியர் கொள்ளும். சிறு விளக்குகள் இரண்டு, தீப்பொறி மூன்று அல்லது நான்கு, மழைத்துடைப்பான் மூன்று எனக் கூட்டின் பதினைந்து பதினாறு ஆகும். மீதி ஆறளவே. கைப்பேசி மின்னேற்றி பத்து உவாற்றாயின் ஏறத்தாழ ஓர் அம்பியரே கொள்ளும். ஆகவே இரண்டொன்று தாங்கும். நூற்றைம்பது உவாற்று நேர்மாற்றியோ பதினான்கு அம்பியர் வரை விழுங்கும், அதற்கு இடமில்லை. 1960 முதல் அமெரிக்க வண்டிகளிற் பரவிய ஆடலோட்டப் பிறப்பாக்கி, சிலிக்கன் இருவாயிகளின் துணையால், மெல்லிய ஓட்டத்திலும் மிகுதியாகத் தரும். அதனைப் பொருத்தினாலன்றிப் பெருஞ்சுமை ஏற்றுதல் தகாது.

பாதைத் துறையிலே பொறியை நிறுத்திக் காத்திருப்போர் நிலை இன்னும் நுட்பமானது. அப்போது வரவே இல்லை. செலவு மட்டுமே உண்டு. நாற்பது அம்பியர்மணி மின்கலவடுக்கில் இரண்டு அம்பியரைப் பத்து மணிநேரம் இழுப்பின் பாதி தீரும். நூறு அம்பியருக்கு மேல் வேண்டும் தொடக்கி அதன்பின் முனகும். மைனருக்குக் கைப்பிடி உண்டென்பது சிறு ஆறுதல்.

மூன்றாவது, உருகி. மைனரில் இருந்தவை இரண்டே உருகிகள். முன்விளக்குச் சுற்றுக்கு உருகியே இல்லை. அவ்வுருகிகள் முப்பத்தைந்து அம்பியர் அளவின. அவற்றின் வாலிலே மெல்லிய கம்பியைக் கட்டிப் புதிய வாயமைத்தால், உருகி உருகுமுன் கம்பி எரியும். பருத்தி சுற்றிய பழங்கம்பியாயின் அபாயம் பெரிது. நெறி இதுவே: மின்கலவடுக்கிலிருந்து தனிக்கம்பி, அதன் தொடக்கத்திலேயே பத்து அம்பியர் உருகி, கூரிய தகட்டைக் கடக்குமிடத்து இறப்பர் வளையம், தீப்பொறிச் சாவியோடு அணையும் ரிலே. செலவு சிறிது, காப்பது முழு வண்டியையும் அதனுள் இருப்போரையும்.

முடிபு

தேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பழைய வண்டியின் கதவைத் தட்டின: விளக்கு, ஊதுகுழல், மூட்டி, வானொலி, ஒலிபெருக்கி, கைப்பேசி. ஒவ்வொன்றுக்கும் வாய் திறப்பது எளிது. ஊற்றைப் பெருக்குவது அரிது. மின்கலம் ஒன்றைப் பல இரவுகளுக்குப் பகிர்ந்து வாழ்ந்தோர் இக்கணக்கை ஏட்டிற் படிக்கவில்லை, இருளிற் கற்றனர். அவர்கள் பலர் இன்னும் நம் நடுவே வாழ்கின்றனர். அந்நாள்களின் குமிழும் கம்பியும் இணைத்த முறையும் எழுத்தில் ஏறாமலே மறையும் நிலையில் உள்ளன. கல்லூரி மாணவர் விடுமுறையிலே வாவியைக் கடந்து சென்று, அம்மூத்தோரிடமும் பழைய கராஜ் கம்மியரிடமும் கேட்டு எழுதிவைப்பாராயின், அரசர் பட்டியலில் இடம்பெறாத ஒரு வரலாறு இந்நாட்டுக்கு எஞ்சும்.