வீட்டுப் பணம் யார் கையில்?

எங்கள் காரைக்கால்மேட்டில் மீன் விற்ற காசு பெண்கள் கையில்தான் புழங்கும். ஆனால் இங்கே ஆட்சி செய்த பிரெஞ்சுக்காரர்களின் 1804-ஆம் ஆண்டு சிவில் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? தம்பதியரின் பொதுச் சொத்தைக் கணவனே நிர்வகிப்பான். மனைவி தன் சொத்தை விற்கவும் அவன் சம்மதம் வேண்டும்!

1881 ஆணைப்படி, சம உரிமை தேடித் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து கையெழுத்திட்டவர்கள் 'ரெனோன்சான்'கள். பிரெஞ்சுக்காரனுக்குச் சமமானான் கணவன். மனைவிக்கோ இந்தச் சட்டம்தான் கிடைத்தது. பிரான்சிலேயே கணவன் சம்மதமின்றி மனைவி வங்கிக் கணக்கு தொடங்கும் உரிமை 1965-இல்தான் வந்தது.

1963-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே வந்து, இந்துப் பெண்ணின் சொத்துக்கு அவளையே முழு உரிமையாளர் ஆக்கியது. ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது.

நண்பர்களே, ஜாதகப் பொருத்தம் பார்க்கும்போதே பணக் கணக்கையும் பேசிவிடுங்கள்!