உப்பளச் சாலை

மரக்காணத்து உப்பு ஒரு காலத்தில் வெகு நிதானமாகப் பிரயாணம் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய், வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, மரக்காணத்துக் கழிவரை வந்தது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகள் நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் அதனால் இணைத்தார்கள். பெயர் என்னவோ கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போயிற்று. பாயும் கோலும் இல்லாதபோது படகைக் கயிறு கட்டி ஆள் இழுத்தான். அவன் நடைதான் சரக்கின் வேகம்.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. சென்னை – புதுச்சேரிப் பகுதியைச் சீர்படுத்தி, 2002-ல் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். சௌகரியமான சாலைதான், நானும் போகிறேன். ஆனால் மரக்காணத்தில் அது உப்பளங்களின் நடுவே போகிறது. வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்பே வேலைக்குப் போகும் பெண்கள், தலையில் சும்மாட்டுத் துணியோடு, இருட்டில் அதைக் கடக்கிறார்கள்.

வேகத்துக்கு ஒரு குணம் உண்டு. நெடுநேரம் விரைந்து ஓட்டியவனுக்கு, வண்டியைக் குறைத்த பிறகு, அது ஊர்வதுபோலத் தோன்றும். உண்மையில் வேகம் போதிய அளவு குறைந்திராது. 1970-களில் பிரிட்டனில் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். சந்திப்புக்கு முன்னால் குறுக்கே மஞ்சள் கோடுகள் போட்டு, வரவர இடைவெளியைக் குறைத்தார்கள். வேகம் கூடுவதாகக் கண் மயங்கும். கால் பிரேக்கைத் தேடும்.

இன்று கண்ணின் வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கிறோம். 2018-ல் அமெரிக்காவில் டெம்பி என்ற ஊரில், தானே ஓடும் கார் ஒன்றைச் சோதித்தார்கள். இரவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது அது மோதிக் கொன்றது. ஐந்து வினாடிக்கு முன்பே யந்திரம் அவளைக் கண்டுவிட்டது. வண்டியா, மிதிவண்டியா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றி நினைத்தது. கோடு போடாத இடத்தில் மனுஷி கடப்பாள் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. காவலுக்கு அமர்த்திய ஆளோ, யந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னை ஐ.ஐ.டி. வகுத்த ‘ஐராட்’ என்னும் விபத்துப் பதிவேடு 2021-ல் நம் மாநிலத்துக்கும் வந்தது. அடிபட்ட இடத்தை அது குறித்துக்கொள்கிறது. நல்ல காரியந்தான்; ஆனால் அடிபட்ட பிறகு எழுதும் கணக்கு அது. உப்பளத்துப் பெண் எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கடக்கிறாள் என்பதை அவளையே கேட்டு, அங்கே ஒரு விளக்கும் நாலு குறுக்குக் கோடும் போட்டுவிட்டு, அப்புறம் யந்திரத்துக்குப் பாடம் சொல்லலாம்.